உப்பு: விதைக்கு உதவி, கிணற்றுக்குக் கேடு

2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் பெய்த மழையால் உப்பளங்களில் விளைச்சல் கெட்டது. நாலாபுறமும் கடல் சூழ்ந்த இந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பை இறக்க வேண்டியதாயிற்று. கடையில் உப்பில்லை என்று எல்லோரும் பேசினார்கள். கிணற்றில் உப்பு ஏறுவதைப் பற்றி அந்தளவு பேச்சு எழுவதில்லை. மீளக் குடியேறும் கமக்காரருக்கு என்ன தேவை என்று கேட்டால் விதை, பசளை, நீரிறைக்கும் இயந்திரம் என்று அடுக்குவார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னர் கிணற்று நீரின் உப்பை அளக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்த பொருள். 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் வரை கரையும். கமக்காரர் அறிந்திருக்க வேண்டிய குணங்கள் இரண்டு. ஒன்று, உப்பு தன் பக்கம் நீரை இழுக்கும். உப்பிட்ட மீனிலிருந்து நீர் வடிந்து கருவாடு பழுதாகாமல் இருப்பது இதனால்தான். மற்றது, உப்பு நீர் நல்ல நீரை விடப் பாரமானது.

இந்தப் பாரத்தை விதைநெல் தெரிவதற்குப் பயன்படுத்தலாம். 10 லீற்றர் நீரில் ஒரு புதிய கோழி முட்டையை இட்டால் அது அடியில் கிடக்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து வாருங்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரைந்ததும் முட்டை மிதந்து, அதன் தலை ஒரு சிறு நாணயத்தின் அளவு வெளியே தெரியும். இப்போது விதையைக் கொட்டிக் கிளறினால் பதரும் சப்பியும் மேலே வரும். அவற்றை அள்ளிவிட்டு, அடியில் தங்கிய மணியை நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் முளை பாதிக்கப்படும். கடன்பட்டு வாங்கிய விதை என்றால் இந்தச் சிறு வேலையைத் தவறவிடக்கூடாது.

இதே பாரம்தான் கிணற்றில் நமக்கு எதிராக வேலை செய்கிறது. யாழ்ப்பாணத்திலும் தீவுப்பகுதியிலும் கற்பிட்டியிலும் மழைநீர் நிலத்தடியில் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல நீரின் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உப்பு நீர் ஏறக்குறைய 40 அடி உயர இடமுண்டு என்பது நிலத்தடி நீர் ஆய்வாளரின் கணக்கு. துலாவால் இறைத்த காலத்தில் மனித பலமே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இயந்திரத்துக்கு அந்த எல்லை இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தபோது, பல இடங்களில் அடியிலிருந்து உப்பு நீரே ஏறியது. பின்பு மழைதான் அதைக் கழுவியது. நெடுங்காலம் இறைக்காமல் கிடந்த கிணற்றில் மேல்நீர் இனிப்பாக இருக்கலாம். அதை நம்பி முழு நாளும் இறைக்கலாகாது.

உப்பு நீர் பாய்ச்சிய பயிர், மண் ஈரமாக இருக்கும்போதே வாடும். வேர் உறிஞ்ச வேண்டிய நீரை உப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. இலை நுனி கருகுவதைக் கண்டு பசளை போதவில்லை என்று எண்ணி மேலும் போடுபவர்கள் உண்டு. மியூரியேற் பொட்டாசு போன்ற பசளைகளும் உப்புகளே. அதனால் கேடு கூடுமேயன்றிக் குறையாது. வெங்காயமும் போஞ்சியும் சிறிது உப்பையும் தாங்கா. பீற்றூட் ஓரளவு தாங்கும், தென்னை இன்னும் தாங்கும். உவர் வயலுக்கு அம்பலாந்தோட்டையில் உருவாக்கப்பட்ட ஏ.ரி. 354 போன்ற நெல்லினங்கள் உண்டு.

வெறுங்கையோடு ஊர் திரும்பியவரிடம், குறைவாக இறை என்று சொல்வது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒருவர் மட்டும் குறைத்துப் பயனில்லை என்பதும் உண்மை. காணிக்கு வேலி உண்டு, நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. அயலவர் அளவின்றி இறைத்தால் உங்கள் கிணறும் உவராகும். எனவே இது தனி மனிதரின் முடிவாக இல்லாமல், ஊரின் முடிவாக இருக்க வேண்டும்.

இயந்திரம் வழங்கும் நிறுவனங்கள் முதலில் கிணற்று நீரை அளந்து பார்க்கட்டும். அதற்கான சிறு கருவி ஊருக்கு ஒன்று போதும். கமக்காரர் அமைப்புகள் ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் அளந்து எழுதி வைக்கட்டும். உப்பு ஏறினால் இறைக்கும் நேரத்தைக் கூடிப் பேசிக் குறைக்கட்டும். மழைநீர் கடலுக்கு ஓடாமல் குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி வைப்போம். பிறர் காணியில் இன்று தோட்டம் செய்பவர்களும் அந்தக் கிணற்றைத் தம்முடையதாகவே எண்ணிப் பேண வேண்டும். இழந்த வீட்டைத் திரும்பக் கட்டலாம். உவராகிப்போன கிணற்றை நம்மால் வெட்டித் திருத்த முடியாது.