அடிபட்டு வீட்டில் இருக்கும்போது வரும் காப்பீட்டுப் பணம்: அதுக்கும் வரி கட்டணுமா?

ஜவுளி இயந்திர ஆலை, ஃபவுண்டரி, லேத் பட்டறை என இயங்கும் ஊர், கோவை பெரியநாயக்கன்பாளையம். இங்கே ஒருவர் கையில் அடிபட்டு இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் முதல் கேள்வி, ‘பணம் வருமா?’ அடுத்தது, ‘வந்தா வரி புடிப்பாங்களா?’ பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே பதில் மாறும்.

கம்பெனி தந்தால்?

விடுப்புக் காலத்துக்கு நிறுவனம் தருவது சம்பளம்தான். ஃபார்ம் 16-ல் ஏறும். வரிக் கணக்கில் சேரும்.

இ.எஸ்.ஐ. தந்தால்?

மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. வேலையில் அடிபட்டால் சம்பளத்தில் சுமார் 90%, நோய் என்றால் 70% (ஆண்டுக்கு 91 நாள் வரை) கிடைக்கும். இவர்களின் முழு ஆண்டுச் சம்பளமே ரூ.2.52 லட்சம்தான். புதிய வரிமுறையில் ரூ.4 லட்சம் வரை வரியே இல்லை. வேறு வருமானம் இல்லாதவர்கள் கவலையை விடலாம்.

தனியார் பாலிசி என்றால்?

சிக்கல் இங்கேதான். ரூ.21,000-ஐத் தாண்டிய சூப்பர்வைசரும் இன்ஜினீயரும் சொந்தக் காசில் விபத்துக் காப்பீடு எடுக்கிறார்கள். அதில் வாராவாரம் வரும் தொகைக்கு வருமான வரிச் சட்டத்தில் வெளிப்படையான விலக்கு இல்லை. உழைக்கும் திறனையே இழந்ததற்கான ஈடு என்றால் அது மூலதன வரவு. நின்றுபோன சம்பளத்துக்கு மாற்று என்றால் வருமானம். எந்தப் பக்கம் என்பது வாதத்துக்குரியது. புதிய முறையில் ரூ.12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் பலர் தப்பிவிடுவார்கள். வீட்டுக் கடனுக்காகப் பழைய முறையில் இருப்பவர்கள் மாட்டலாம்.

என்ன செய்ய வேண்டும்?

மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்குப் பழைய முறையில் கழிவு உண்டு. விபத்துக் காப்பீட்டுக்கு அதுவும் இல்லை. வரி கட்டிய காசில் பிரீமியம் கட்டியவரிடம், அடிபட்ட பிறகும் வரி கேட்பது என்ன நியாயம்? அமெரிக்காவில் விதி எளிது: பிரீமியத்தை வரி கட்டிய பணத்தில் தொழிலாளியே கட்டியிருந்தால் வரி இல்லை, நிறுவனம் கட்டியிருந்தால் உண்டு. அதே தெளிவை இங்கேயும் சட்டத்தில் எழுதிவிடலாம்.

அதுவரை பாலிசி, பிரீமியம் ரசீது, க்ளெய்ம் கடிதம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ரிட்டர்ன் போடும் முன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.