ஆண்டுக்குப் பன்னிரண்டு பேரை எங்கள் ஊருக்கு அனுப்புங்கள்

பெறுநர்: இயக்குநர், கலை பண்பாட்டுத் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.



நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறோம். காட்சிக் கலைகளுக்கென்று உங்கள் துறையின் கீழ் மூன்று கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையிலும் கும்பகோணத்திலும் கவின்கலைக் கல்லூரிகள். மாமல்லபுரத்தில் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. மூன்றுமே எங்களுக்கு வெகுதூரம். இங்கே பிளஸ் டூ முடித்து, வரையப் படிக்க ஆசைப்படும் பிள்ளை ராத்திரி ரயில் ஏற வேண்டும். இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் திருவனந்தபுரம். ஆனால் எங்களுக்கும் ஒரு கல்லூரி கொடுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. அது வேறு வழக்கு.

நாங்கள் கேட்பது சின்னது. அந்த மூன்று கல்லூரிகளிலும் வேலை பார்க்கிற ஆசிரியர்களையும் ஊழியர்களையும், ஆண்டுக்குப் பன்னிரண்டு பேராக, ஆறு வாரம், சம்பளத்தோடு குமரி மாவட்டத்துக்கு அனுப்பிவையுங்கள். பாடம் எடுக்க வேண்டாம். கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டாம். உட்கார்ந்து அவரவர் வேலையைச் செய்யட்டும்.

ஓவியர்கள் இதை ரெசிடென்சி என்கிறார்கள். நாங்கள் தங்கல் என்றே சொல்லிக்கொள்கிறோம். உங்கள் துறைக்குப் பழக்கமானது முகாம். மூன்று நாள் முகாம் எப்படி நடக்கும் என்று தமிழ்நாட்டு ஓவியர் எவரைக் கேட்டாலும் சொல்வார். முதல் நாள் குத்துவிளக்கு, இரண்டாம் நாள் மும்முரம், மூன்றாம் நாள் வரைந்த கித்தானை ஒப்படைத்துவிட்டுக் குழுப் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவது. கித்தானுக்குப் பதில் சான்றிதழும் சால்வையும் கிடைக்கும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கைக்குத் தெரிந்ததை வேகமாகச் செய்துகாட்டத்தான் அங்கே நேரம் இருக்கிறது. தெரியாத ஒன்றைத் தொட்டுப் பார்க்க நேரமில்லை. தெரியாததைத் தொட வைப்பதுதான் தங்கல்.

இது வெளிநாட்டுப் பழக்கம், நமக்கு எதற்கு என்று கோப்பில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். பிரான்ஸ் 1666-லேயே தன் கலைஞர்களை ரோமுக்கு அனுப்பித் தங்கவைத்தது என்பது உண்மைதான். அமெரிக்காவின் மிச்சிகனில் 1910-இல் தொடங்கிய ஆக்ஸ்-போ என்ற கலைப்பள்ளி, கலை ஆசிரியர்களுக்கென்றே தனியாகத் தங்கல் நடத்தியிருக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்களுக்கு அரை நாள் தொலைவிலுள்ள கொச்சியில், பினாலே அறக்கட்டளை பெப்பர் ஹவுஸ் என்ற பழைய பண்டகசாலையில் கலைஞர்களைத் தங்கவைக்கிறது. தமிழ்நாட்டின் மூன்று கல்லூரிகளில் மாதச் சம்பளம் வாங்கும் கலைஞர்களுக்கு மட்டும் அப்படியொரு ஏற்பாடு இல்லை.

முன்பு இந்த அரசு வேறு மாதிரி யோசித்தது. சென்னைக் கல்லூரியில் 1957 வரை முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, முதல்வர் நாற்காலியைவிடச் சிற்பக் கூடத்தில்தான் பேர் வாங்கினார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவேலை, 1959-இல் திறக்கப்பட்டது. பாறையை நெம்பும் அந்த நால்வருக்கு மாதிரியாக நின்றவர்களில் கல்லூரிக் காவலாளி ஒருவரும் உண்டு என்று சொல்வார்கள். ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வராக வந்த கே.சி.எஸ். பணிக்கர், பதவியில் இருக்கும்போதே 1966-இல் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கினார். பாத்திக் துணி செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். அரசு ஒரு தங்கலைக் கொடுத்திருந்தால் ஓவியர்கள் துணி விற்றிருக்க வேண்டாம் என்று நாங்கள் நினைப்பதுண்டு. ஆனால் அந்தத் துணிதான் அவர்களை நிமிர வைத்தது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் கடலில் நிற்கும் வள்ளுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 133 அடி, 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அதைச் செய்த வை. கணபதி ஸ்தபதி மாமல்லபுரம் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர். 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் அவர் பணியில் இருந்தபோது எழுந்தது. உளியைக் கீழே வைக்காத ஒரு வாத்தியாரை அரசு வேலை செய்ய விட்டதனால் கிடைத்த தேர்ச்சிதான் கடலில் சிலையாக நிற்கிறது. வள்ளுவரைப் பார்க்க இன்று படகுக்கு வரிசை நிற்கிறது. அடுத்த கணபதி ஸ்தபதி இப்போது ஏதோ ஒரு கல்லூரியில் செமஸ்டர் மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

அவரை எங்கே அனுப்புவது?

முதலில் மயிலாடிக்கு. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், உளிச் சத்தம் ஓயாத ஊர். இங்கேயும் கேரளத்திலும் உள்ள கோயில்களுக்குச் சிலையும் விளக்குத்தூணும் இங்கிருந்து போகின்றன. கல்லூரியில் மாணவன் தன் மனத்தில் தோன்றியதைக் கல்லில் செய்கிறான். பிசகினால் அது நவீன பாணி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழி உண்டு. மயிலாடியில் அந்த வழி அடைப்பு. கும்பாபிஷேகத் தேதி குறித்தாகிவிட்டது; அளவு சொல்லியாகிவிட்டது; மூக்கில் ஒரு சில்லுத் தெறித்தால் கல்லே போச்சு. வாடிக்கையாளர், தேதி, அளவு மூன்றுக்கும் கட்டுப்பட்டு நின்று, அதற்குள்ளேயே தன் கையைக் காட்டுவதற்கு ஒரு பயிற்சி வேண்டும். இருபது வருஷம் பாடம் நடத்திய சிற்ப ஆசிரியருக்கும் அது புதிதாக இருக்கும். அவர் இங்கே இருக்கும் ஆசானுக்குப் பக்கத்தில் ஆறு வாரம் உட்காரட்டும்.

இது ஒருவழிப் பாதையாகவும் இருக்காது. கல் அறுக்கும் இயந்திரம் வந்த பிறகு பட்டறைகளில் தூசி கூடிவிட்டது. கல் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று மருத்துவர்களுக்குத் தெரியும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்பவர்களுக்கும் தெரியும். தண்ணீர் விட்டு அறுப்பது, தூசியை உறிஞ்சும் குழாய் போடுவது, களிமண்ணில் சின்ன மாதிரி செய்து வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குவது இவையெல்லாம் கல்லூரிப் பட்டறையில் இருப்பவருக்குக் கைவந்தவை. இங்கேதான் ஊழியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கலைக் கல்லூரியை நடத்துவது பேராசிரியர்கள் மட்டும் அல்ல. சூளை பற்றவைப்பவர், வார்ப்புக்கூட உதவியாளர், அச்சுப் பொறி இயக்குபவர், நூலகர், மாதிரியாக அசையாமல் மணிக்கணக்கில் உட்காருபவர் என்று பலர் இருக்கிறார்கள். இவர்களில் பலர் கைத்திறன் உள்ளவர்கள். ஆனால் கண்காட்சி அழைப்பிதழில் இவர்கள் பெயர் வராது. பன்னிரண்டு பேரில் நான்கு இடம் கட்டாயம் ஊழியர்களுக்கு என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் பணி மூப்புப் பட்டியல் அந்த நான்கையும் விழுங்கிவிடும்.

அடுத்தது வடசேரி. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல வருஷமாயிற்று. பரதநாட்டிய மேடைகளில் ஜொலிக்கும் தலைசாமானும் மாங்காய் மாலையும் பெரும்பாலும் அச்சில் தட்டிய போலி. அசல் என்பது வெள்ளியில் கட்டி, அரக்கு ஊற்றி, கெம்புக் கல்லைப் பதித்து, கல்லைச் சுற்றிலும் தங்க ரேக்கை அழுத்திச் செய்வது. செய்கிற கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். வருகிறவர் கேமராவோடு வந்து, வடிவங்களையெல்லாம் படம் பிடித்து, நாளைக்கு வேறெங்கோ தொழிற்சாலை அச்சுக்குக் கொடுக்கிற வேலை நடக்கக் கூடாது. ஆசான் சம்மதிக்காமல் ஒரு வடிவமும் பட்டறையை விட்டு வெளியே போகாது என்று கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாவதாக, எங்கள் மாவட்டத்துத் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்களிடம். அவர்கள் வீட்டில் மராத்தி பேசுவார்கள். திரைக்குப் பின்னால் ராமாயணத்தைத் தமிழில் நடத்துவார்கள். அ.கா. பெருமாள் போன்ற நாட்டாரியல் ஆய்வாளர்கள் இதை எழுதிப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்களுக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வரைந்து, துளையிட்டு, சாயம் ஏற்றுவதும் அவர்கள் வீட்டு வேலை. பாவைக்குக் குரல் கொடுத்து ஆட்டுவதும் அவர்கள் வேலை. வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது ஒரு சிவப்பு எப்படி மாறும் என்று தெரிந்துகொண்டு நிறம் பூசுகிறவர்கள். விஷுவல் கம்யூனிகேஷன் துறைக்கு இதைவிட நல்ல பாடம் எதுவென்று எங்களுக்குத் தெரியவில்லை.

கடைசி இடமான பத்மநாபபுரம் அரண்மனை விஷயம் கொஞ்சம் சிக்கல். 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தோம். மண் இங்கே வந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. உப்பரிகை மாளிகையின் மேல் தளத்தில் இருக்கும் சுவரோவியங்களைச் சாதாரண பார்வையாளர் பார்க்க முடியாது. ஓவிய ஆசிரியர் ஒருவர் அந்தச் சுவர்களுக்கு முன்னால் ஒரு வாரம் பென்சிலும் நோட்டுமாக உட்கார அனுமதி கேட்டு, உங்கள் மேசையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு கடிதம் போனால் போதும். பழைய ஓவியமும் சிற்பமும் இருக்கும் திருவட்டாறு, திருநந்திக்கரை, சிதறால் எல்லாம் அங்கிருந்து பஸ் தூரம்தான்.

எப்போது அனுப்புவது என்றால் தேர்வு முடிந்த கையோடு, வைகாசி பாதியிலிருந்து ஆனிக் கடைசி வரை. நாங்கள் இடவப்பாதி என்று சொல்லும் மழைக்காலம். வெயில் தணிந்திருக்கும். திறந்தவெளிக் கூத்துக்கு மழை ஒத்துவராது என்பதால் பாவைக் கலைஞர்களுக்கும் அப்போது ஓரளவு ஒழிவு கிடைக்கும். சுற்றுலாக் கூட்டமும் குறைவு. கன்னியாகுமரி என்றதும் அதிகாரிகளுக்குச் சூரிய உதயம் நினைவுக்கு வரும், வாத்தியார்கள் ஜாலியாகப் போய்வர அரசுப் பணமா என்ற கேள்வியும் வரும். மழை மாதத்தில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மயிலாடியில், கல் தூசியில் ஆறு வாரம் உட்காருவதை யாரும் உல்லாசம் என்று சொல்ல மாட்டார்கள்.

செலவு? ஒருவருக்குத் தங்கவும் சாப்பிடவும் நாளுக்கு 1,000 ரூபாய் வைத்தால் 42 நாளைக்கு 42,000. ஆசானுக்கு 60,000. இந்தத் தொகையைக் குறைக்கவே கூடாது. சொல்லிக்கொடுப்பதற்காக அவர் விடும் ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி நஷ்டம். கல், வெள்ளி, தோல், சாயத்துக்கு 25,000. போக்குவரத்துக்கு 5,000. ஆக ஒருவருக்கு 1,32,000. பன்னிரண்டு பேருக்கு 15,84,000 ரூபாய். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்துக்கு 37 கோடி ஆயிற்று. அதில் இருநூறில் ஒரு பங்குகூட இது வராது. பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களும் அதில் நடந்து பார்த்தவர்கள்தான்.

இனி நிபந்தனைகள். இந்த ஆறு வாரமும் பணிக்காலமாகக் கருதப்பட வேண்டும். ஈட்டிய விடுப்பில் கழிக்கக் கூடாது. முடிவில் அறிக்கை கேட்காதீர்கள். கேட்டால் நாற்பது பக்கம் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். அதற்குப் பதில், திரும்பிப் போனவர் தன் ஆசானைக் கல்லூரிக்கு வரவழைத்து மாணவர்களுக்கு ஒரு வாரம் பட்டறை நடத்தட்டும். அந்த ஆசானுக்கு வருகைப் பேராசிரியருக்குரிய மதிப்பூதியம் கொடுங்கள். பத்தாம் வகுப்பு தாண்டாதவர் என்று நிதித்துறை தடை போட்டால், ஆண்டுதோறும் கலை நன்மணி, கலை முதுமணி என்று மாவட்டங்களில் விருது கொடுக்கும்போது என்ன சான்றிதழ் பார்க்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். செய்த பொருள் செய்தவருக்கே. அரசு அலுவலகச் சுவருக்கு என்று கேட்டு வாங்கக் கூடாது.

இது நன்றாக நடந்தால் பிறகு அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்கும் நீட்டலாம். 2012-இல் நியமித்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் அவர்களும் இருக்கிறார்கள்; வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, அதற்கேற்ற ஊதியம். அது கல்வித்துறை சம்பந்தப்பட்டது, இழுபறி ஆகும். முதலில் உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள்.

தேவைப்படுவது ஒரு அரசாணை, கேரளத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம், பயணியர் விடுதியில் அறை ஒதுக்கச் சொல்லிக் குமரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு குறிப்பு. வரும் மானியக் கோரிக்கையின்போது அமைச்சரை இதை அறிவிக்கச் செய்யுங்கள். மயிலாடியிலும் வடசேரியிலும் ஆசான்மாரைக் கண்டு பேசிச் சம்மதம் வாங்கித்தரும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முதல் பன்னிரண்டு பேரின் பட்டியலை அடுத்த வைகாசிக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாஞ்சில் நாட்டிலிருந்து