அளவுகோலையும் அளக்க வேண்டும்

வயதுவந்த இருவர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர், பால் மற்றும் பாலினச் சிறுபான்மையினரின் நலவாழ்வு இந்திய உளவியல் துறைகளில் மதிப்புமிக்க ஆய்வுத் தலைப்பாக மாறியிருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆயினும் அந்த ஆய்வேடுகளின் இறுதி இயல்களை அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, ஒரே ஆய்வேட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கும் உணர்வே மிஞ்சுகிறது. மனச்சோர்வு மிகுதி, பதற்றம் மிகுதி, மீள்திறன் உடையோரிடம் இரண்டும் குறைவு, ஆகவே மீள்திறன் பயிற்சியும் உளவியல் ஆற்றுப்படுத்தலும் தேவை. பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்திய தந்தையும், வாடகைக்கு வீடு மறுத்த உரிமையாளரும், வகுப்பில் ஏளனம் செய்த ஆசிரியரும் அந்தப் பரிந்துரைகளில் அரிதாகவே தென்படுகின்றனர். அடித்தவரை விட்டுவிட்டு, அடிபட்டவருக்கு வலி தாங்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது.

இந்தத் துறைக்கு இது புதிய பிழையன்று. தன்பாலீர்ப்பு ஒரு மனநோய் என்று 1950களின் அமெரிக்க உளவியல் உறுதியாக நம்பியது. மனநல மருத்துவரிடம் வந்தோரையும் சிறையில் இருந்தோரையும் பெரும்பாலும் வைத்தே அந்த நம்பிக்கை எழுப்பப்பட்டிருந்தது. ஈவ்லின் ஹூக்கர் அவ்விரு இடங்களுக்கும் வெளியே சென்று தேடினார். வயதிலும் கல்வியிலும் நுண்ணறிவிலும் ஒத்த இரு குழுக்களை அமைத்தார்: தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், எதிர்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர். அவர்களுடைய உளச்சோதனை விடைகளை, எவை யாருடையவை என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் கொடுத்தார். வல்லுநர்களால் பிரித்தறிய முடியவில்லை. 1957இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்தது. ஆய்வாளர் எங்கே சென்று தேடுகிறார் என்பதே அவர் எதைக் கண்டடைவார் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

இந்தியாவில் அந்த இடத்தை நெடுங்காலம் தீர்மானித்தது எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம். அத்திட்டம் உயிர்களைக் காத்தது; பலருக்கு அச்சமின்றிக் கூடும் முதல் இடத்தையும் கொடுத்தது. அதே வேளையில் ஆய்வுக்குரிய மனிதர் யார் என்பதையும் அதுவே வரையறுத்தது. தொற்று ஆபத்து என்ற வாயில் வழியாக ஆண்களும் திருநங்கையரும் ஆய்வுக்குள் வந்தனர். தன்பாலீர்ப்புள்ள பெண்கள், இருபாலீர்ப்புள்ள பெண்கள், திருநம்பிகள் பெரும்பாலும் வெளியிலேயே நின்றனர். இன்று அந்த வாயிலின் இடத்தை இணையப் படிவம் பிடித்திருக்கிறது. நகரத்தில் வாழ்ந்து, ஆங்கிலம் படித்து, சொந்தக் கைப்பேசியில் தனிமையில் விடை எழுத முடிந்தவரே இப்போது 'இந்தியப் பால் சிறுபான்மையினர்' ஆகிறார்.

மாதிரியில் தொடங்கும் பிழையை அளவுகோல் நிறைவு செய்கிறது. கேரல் ரிஃப் 1989இல் வகுத்த உளநல அளவுகோல் ஆறு கூறுகளைக் கொண்டது. அவற்றுள் ஒன்று, சூழலைத் தன் தேவைக்கேற்ப ஆளும் திறன். நான்கு தெருக்களில் வீடு மறுக்கப்பட்ட திருநங்கை இக்கூற்றில் குறைந்த மதிப்பெண் பெறுவதில் வியப்பில்லை. ஆனால் அட்டவணையில் அது வீட்டு உரிமையாளரின் குறையாகப் பதிவாவதில்லை. அவளுடைய உளத்திறனின் குறையாகவே பதிவாகிறது.

1988இல் ஸிமெட்டும் உடனாய்வாளர்களும் உருவாக்கிய சமூக ஆதரவு அளவுகோலில் 12 கூற்றுகள் உண்டு. குடும்பம், நண்பர், நெருக்கமான ஒருவர் என்று நந்நான்காகப் பிரிந்தவை. ஹிஜ்ரா சமூகத்தில் குருவுக்கும் சேலாவுக்கும் இடையிலான உறவு தாய்மை, ஆசிரியம், கடன், அதிகாரம் அனைத்தும் கலந்தது. அதை மூன்றில் எந்தக் கட்டத்தில் குறிப்பது? பெற்ற குடும்பம் கைவிட்டதால் 'குடும்ப ஆதரவு குறைவு' என்று முடிவெழுதும் ஆய்வாளர், எதிரில் அமர்ந்திருக்கும் குடும்பத்தைக் காணாமலேயே எழுந்து செல்கிறார்.

தன்னை மறைத்துக்கொள்வதை நலக்கேடாகவும் வெளிப்படுத்துவதை நலமாகவும் கொள்ளும் வழக்கமும் இவ்வாறு சிந்திக்காமல் இறக்குமதியானதே. மறைத்து வாழ்வது சுமைதான். ஆனால் வெளிப்படுத்திய மறுவாரமே கட்டாயத் திருமணமோ 'மாற்று சிகிச்சை' என்ற பெயரிலான கொடுமையோ காத்திருக்கும் வீட்டில், மறைத்தல் அறிவார்ந்த தற்காப்பும் ஆகும். அதை உள்மனத் தாழ்வுணர்ச்சியின் அடையாளமாக மட்டும் படிப்பது, பாதுகாப்பான நாட்டில் எழுதப்பட்ட விடைக்குறிப்பை வைத்து வேறொரு தேர்வைத் திருத்துவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவுக்கும் அடிப்படையாக மேற்கோள் காட்டப்படுவது இலான் மேயரின் சிறுபான்மை அழுத்தக் கோட்பாடு. 2003இல் விரிவாக முன்வைக்கப்பட்ட அக்கோட்பாட்டின் உயிர்நாடியே, கூடுதல் துன்பம் அடையாளத்திலிருந்து அன்றி இழிவிலிருந்தும் பாகுபாட்டிலிருந்தும் பிறக்கிறது என்பதுதான். மீள்திறனைத் தனிமனிதக் குணமாகச் சுருக்கினால் பழி பாதிக்கப்பட்டவர் மீதே விழும் என்று 2015இல் மேயரே எச்சரித்தார். முன்னுரையில் அவரைப் போற்றிவிட்டு முடிவுரையில் அவரை மறுக்கும் ஆய்வேடுகளுக்கு நெறியாளர்கள் ஒப்புதல் அளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீதிமன்றங்களையும் அரசையும் அசைக்க எண்கள் வேண்டாமா என்று கேட்கப்படும். வேண்டும். ஆனால் காரணம் நீக்கப்பட்ட எண் எதிர்த்தரப்புக்கும் பயன்படும். 'இவர்களிடம் மனச்சோர்வு மிகுதி' என்ற ஒற்றை வரி, 'ஆகவே இவர்கள் நோயாளிகள்' என்று சொல்லக் காத்திருப்பவரின் கைக்கும் போய்ச் சேர்கிறது. அத்தகையோர் மறைந்துவிடவில்லை. மாற்று சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்யுமாறு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. 2024இலும் மருத்துவ இளநிலைப் பாடத்திட்ட வழிகாட்டியில், பெண்களுக்கிடையிலான தன்பாலுறவு பாலியல் குற்றங்களின் வரிசையில் மீண்டும் தோன்றியது; கடும் எதிர்ப்பு எழுந்த பின்னரே அது திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே கோரிக்கை எளியது. துன்புறுவோரை அளக்கும் ஒவ்வொரு ஆய்வும் துன்புறுத்தும் இடத்தையும் அளக்கட்டும்: விடுதிக் காப்பாளர், வீட்டு உரிமையாளர், காவலர், மருத்துவர் ஆகியோரின் நடத்தையும் மாறிகளாகட்டும். வினாப்பட்டியல் அச்சாகும் முன்பே, அச்சமூகத்தவர் ஊதியம் பெறும் உடனாய்வாளர்களாக அமரட்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பவர், உண்டு என்ற விடை வந்தால் அன்றைக்கே என்ன செய்வார் என்பதை நெறிமுறைக் குழு எழுத்தில் கேட்டு வாங்கட்டும். கண்டறிந்தவை அவர்கள் பேசும் மொழியில் அவர்களிடமே திரும்பிச் செல்லட்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய கோட்பாடு தேவையில்லை. மேற்கோள் காட்டும் கோட்பாட்டை ஆய்வேட்டின் கடைசிப் பக்கம் வரை நம்பினால் போதும்.