ரதத்தின் விலையும் குதிரையின் தீவனமும்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 4:26–28, 10:28–29, லூக்கா 14:28–30



கடந்த ஆண்டு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், ஆலய வளாகத்தில் நின்ற ஒரு காரின் முன் நான் ஜெபித்தேன். வேகத்துக்குப் பேர்போன ஜெர்மானியக் கார்; பத்து ஆண்டு பழையது. வாங்கியவர் நம் சபையின் இளம் சகோதரர். புதிதாய் விற்கப்பட்ட நாளில் ஐம்பது லட்ச ரூபாயாயிருந்த அந்தக் கார் தமக்கு எட்டு லட்சத்துக்குக் கிடைத்தது கர்த்தருடைய தயவு என்று அவர் சாட்சி சொன்னார். சபையார் அல்லேலூயா என்றார்கள். ஏழு மாதம் சென்றது. இன்று அந்தக் கார் தார்ப்பாய் போர்த்தப்பட்டு ஒரு பட்டறையின் மூலையில் நிற்கிறது. அவருடைய மனைவியின் நகை அடகுக்கடையில் இருக்கிறது. வங்கித் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் ஓடுகிறது. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் முதற்குற்றவாளி அவரல்லர். தலையில் கைவைத்து ஜெபித்த நான், அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

என்ன கேட்டிருக்கவேண்டும்? அதற்கு விடை சாலொமோனின் குதிரை லாயத்தில் இருக்கிறது.

அந்நிய நாட்டு ரதத்தின் விலை வேதத்திலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. எகிப்திலிருந்து வந்த ரதம் ஒன்றுக்கு 600 வெள்ளிக்காசு. குதிரை ஒன்றுக்கு 150. இதை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். ஆனால் அதற்கு ஆறு அதிகாரங்களுக்கு முன்னே எழுதியிருப்பதைக் கவனியாமல் கடந்துபோகிறோம். அந்தக் குதிரைகளுக்கு வாற்கோதுமையும் வைக்கோலும் வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணியக்காரர் தத்தம் முறைப்படி அதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சாலொமோன் மரித்தபின் ஜனங்கள் ரெகொபெயாமிடம் வந்து, தகப்பன் வைத்த நுகம் பாரமானது என்று முறையிட்டார்கள். அந்த நுகத்தில் குதிரைத் தீவனத்தின் பாரமும் இல்லாமல் இருந்திருக்குமா? ரதத்துக்கு விலை கொடுத்தவன் ஒருவன். தீவனத்தைச் சுமந்தவர்கள் வேறு பலர்.

பழைய ஜெர்மானிய வேகக் கார்களைக் குறித்து நான் சொல்லவந்த குற்றச்சாட்டு இதுவே. விலை கொடுக்க நாம் ஓடுகிறோம். தீவனத்தை யார் சுமப்பது என்று கேட்பதில்லை.

இவை நமக்குத் தூரத்துச் சங்கதிகள் அல்ல. நம் சென்னைக்கு அருகே சிங்கப்பெருமாள் கோயிலில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் உருவாகி வெளிவருகின்றன. தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்தது. அதுமுதல் வடக்கே விலைபோகாத சொகுசுக் கார்கள் தடையின்மைச் சான்றோடு தென்னாட்டுக்கும் வருகின்றன. விலை மலிவாயிருப்பதில் அதிசயமொன்றுமில்லை.

அன்பானவர்களே, மலிவு ஏன் மலிவாயிருக்கிறது என்று ஆராயுங்கள். ஐம்பது லட்ச ரூபாய்க் கார் எட்டு லட்சத்துக்கு இறங்கலாம். அதன் பிரேக் டிஸ்க்கும், சஸ்பென்ஷனும், டர்போவும் உதிரிபாகக் கடையில் எட்டு லட்ச ரூபாய்க் காரின் விலைக்கு இறங்குவதில்லை. முதல் உரிமையாளர் செய்யாமல் விட்ட வேலைகள் யாவும் அந்தக் குறைந்த விலைக்குள்ளே ஒளிந்திருக்கின்றன. அதைத் தள்ளுபடி என்று நாம் அழைக்கிறோம். உண்மையில் அது தள்ளிவைக்கப்பட்ட செலவு.

அறிந்த சில உதாரணங்களைச் சொல்லுகிறேன். 2007 முதல் 2013 வரை வந்த பி.எம்.டபிள்யூ எம்3இன் நான்கு லிட்டர் வி8 எஞ்சின் நிமிடத்துக்கு 8,400 சுற்றுவரை பாடும். அதன் கனெக்டிங் ராட் பேரிங்குகள் தேய்வது உலகெங்கும் அதன் உரிமையாளர்கள் அறிந்த சங்கதி. விவேகமுள்ளவர்கள் சத்தம் கேட்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். காத்திருந்தவர்கள் எஞ்சினையே இழக்கிறார்கள். 2003 முதல் 2008 வரை வந்த ஆடி எஸ்4இன் 4.2 லிட்டர் வி8 எஞ்சினில் டைமிங் செயின்கள் பின்புறத்தில், கியர்பாக்ஸ் பக்கமாக உள்ளன. செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் தேய்ந்தால், சிறு பாகத்துக்காக முழு எஞ்சினையும் வெளியே எடுக்கவேண்டும். பல ஜெர்மானியக் கார்களிலுள்ள இசட்.எஃப். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெயை ஆயுள் முழுதும் மாற்றவேண்டியதில்லை என்று கார் நிறுவனம் சொன்னதுண்டு. கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றும்படி அறிவுறுத்துகிறது. முதல் உரிமையாளர் விற்றுவிட்டுப் போனபின், அந்த "ஆயுள் முழுதும்" யாருடைய கையில் முடிகிறது?

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். எஞ்சின் தானாகப் பழுதானால் சாதாரண வாகனக் காப்பீடு அதை ஏற்காது. விபத்தாயினும், பழுதுபார்க்கும் செலவு காரின் அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பென்று கணக்கிடுவார்கள். மதிப்பு இறங்கி, பாகங்களின் விலை இறங்காத காருக்கு அந்த எல்லை வெகு அருகில் இருக்கிறது.

இப்போது நம்மிடையே வழங்கும் மூன்று போலி நியாயங்களைப் பார்ப்போம்.

முதலாவது: "கர்த்தர் தம் பிள்ளைகளை உயர்த்துகிறார்." உபாகமம் 28ஆம் அதிகாரத்தின் தலை, வால் வாக்குத்தத்தத்தைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறோம். அதே உபாகமம் 17ஆம் அதிகாரத்தில், ராஜா தனக்கு அநேகம் குதிரைகளைச் சேர்க்கலாகாது என்று கட்டளை இருக்கிறதே! அதை ஒட்டுவதற்கு ஏன் கண்ணாடியில் இடமில்லாமற்போயிற்று? மலிவாய்க் கிடைத்ததெல்லாம் தேவதயவு என்று போதித்த பிரசங்க பீடங்கள் இதற்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டும். உடன் ஊழியரே, நம்மில் சிலர் இத்தகைய கார்களிலேயே வலம்வருகிறோம். காணிக்கையில் ஓடும் ரதத்துக்குத் தீவனம் விதவையின் இரண்டு காசிலிருந்தும் வருகிறது என்பதை மறவாதிருப்போம்.

இரண்டாவது: "இதே பணத்துக்கு மற்றவன் சின்னக் கார் வாங்குகிறான், நான் சிக்கனமாய்ப் பெரிய கார் வாங்கினேன்." இது கோபுரத்தின் அஸ்திபாரத்தை மட்டும் போட்டவனுடைய கணக்கு. அவனைப் பார்த்தவர்கள் பரியாசம்பண்ணினார்கள் என்று ஆண்டவர் சொன்னார். அவனோ காலிமனையைத்தான் விட்டுப்போனான். நாமோ முன்னும் பின்னும் வேறு வேறு அளவுள்ள டயர்கள் தேய்ந்துபோக, வாங்கப் பணமின்றி, வழுக்கையான டயரில் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறோம். நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்த காரில், நாற்பதுக்கும் போதாத பிரேக்!

மூன்றாவது நியாயத்தை யாரும் சத்தமாய்ச் சொல்லுவதில்லை: "செலவு வந்தால் விற்றுவிடலாம்." இங்கேதான் பாவம் பூரணமாகிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு அன்று மாலையே வாங்குபவரிடம் காட்டுகிறோம். ஓடிய தூரத்தைக் குறைத்துவைக்க ஆட்களும் இருக்கிறார்கள். பல ஜெர்மானியக் கார்களில் ஓடிய தூரம் ஓடோமீட்டரில் மட்டுமின்றி வேறு மின்னணுப் பெட்டிகளிலும் பதிவாகிறது. வெளியே திருத்திவிட்டவன் உள்ளே இருப்பதை மறந்துபோகிறான். பையில் இரண்டுவிதமான நிறைகற்களை வைத்திருக்கலாகாது என்று மோசே சொன்னபோது தானியக் கடையை மட்டுமா மனதில் வைத்தார்? வாங்கும்போது பொருளைக் குறைசொல்லி, அப்பால் போய்ப் பெருமை பேசுகிறவனை நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் படம்பிடித்திருக்கிறது. விற்கும்போது அவன் எப்படிப் பேசுவான் என்பதை நாம் காட்டிக்கொண்டிருக்கிறோம். நம்மிடம் வாங்குகிறவரும் ஒரு சகோதரர். அவருடைய வீட்டிலும் அடகுவைக்க நகை இருக்கும்.

ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லுகிறேன். வேகமான காரே பாவம் என்று கைவிரல் நீட்டும் பக்தியோடும் எனக்கு உடன்பாடில்லை. பெசலெயேலுக்குக் கைத்திறனைக் கொடுத்த தேவனே எஞ்சின் செய்கிறவனுக்கும் அதைக் கொடுத்தார். பழைய காரை நேசித்து, குறித்த ஒப்புதல் உள்ள எண்ணெயையே ஊற்றி, பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றி, ஒவ்வொரு ரசீதையும் கோப்பில் வைத்திருக்கிற மனிதரை நான் அறிவேன். விற்கும்போது அந்தக் கோப்பையும் கொடுத்து, உள்ள குறையையும் சொல்லி விற்றார். தன் மிருகத்தின் தேவையை அறிந்து நடக்கிற நீதிமானைக் குறித்து நீதிமொழிகள் 12ஆம் அதிகாரம் சொல்லுவது அவருக்குப் பொருந்தும். சாட்சி சொல்ல அழைக்கவேண்டியவர் அவரே.

ஆகையால், வாங்க விரும்புகிறவர்களே, எங்களிடம் ஜெபத்துக்கு வருமுன் இவற்றைச் செய்யுங்கள். முன்பணம் கொடுக்குமுன் அந்த வகைக் காரை அறிந்த மெக்கானிக்கிடம் கூலி கொடுத்துக் காட்டுங்கள். விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓட்டச்சொல்லிக் கேளுங்கள். எல்லா மின்னணுப் பெட்டிகளையும் ஸ்கேன் செய்து, ஓடிய தூரத்தைச் சர்வீஸ் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. வெளிமாநில வண்டியானால் தடையின்மைச் சான்றையும், இங்கே கட்டவேண்டிய சாலை வரியையும், கடன் நீக்கப்பட்டதற்கான சான்றையும் விசாரியுங்கள். இவையெல்லாம் சரியாயிருந்தாலும், விலைக்குப் புறம்பாகத் தீவனத்துக்கென்று ஒரு தொகையைக் கடன் வாங்காமல் ஒதுக்கிவைக்க முடியாவிட்டால், அந்தக் கார் இன்னும் உங்களுக்குரியதல்ல. ஏற்கெனவே வாங்கி அகப்பட்டுக்கொண்டவர்கள், மெக்கானிக்குக்கு நிலுவை வைத்திருந்தால் முதலில் அதைத் தீருங்கள். வேலையாளின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது பட்டறைக்கும் பொருந்தும். பின்பு குறையை மறைக்காமல், வருகிற விலைக்கு விற்றுவிடுங்கள். நஷ்டம் வரும். அந்த நஷ்டத்தை அடுத்தவர்மேல் சுமத்தாதிருப்பதே உங்கள் சாட்சி.

இனி ஆலய வளாகத்தில் கார் முன் ஜெபிக்க அழைக்கிறவர்களிடம் நான் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்பேன்: "தீவனம் யாருடையது?" கோபித்துக்கொள்ளாதிருங்கள். அந்தச் சகோதரரிடம் கேட்டிருக்கவேண்டியதை உங்களிடம் கேட்கிறேன்.

ஜெபம்: ஆண்டவரே, செலவைக் கணக்கிடாமல் நாங்கள் வாங்கியவற்றையும், கணக்குக் கேளாமல் நாங்கள் ஆசீர்வதித்தவற்றையும் மன்னியும். எங்கள் வீட்டார்மேல் நாங்கள் வைத்த நுகத்தை எங்கள் கையாலேயே இறக்கிவைக்கத் தைரியம் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.