புகார் சொன்ன மறுநாளும் வேலை இருக்க வேண்டும்

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வேறெந்த மாநிலமும் இதன் அருகில்கூட வரவில்லை. இந்தப் பெருமைக்கு ஏற்றபடி அரசும் செலவு செய்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதிக் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வேலைக்குப் போகும் பெண்களுக்காகப் பல ஊர்களில் ‘தோழி’ விடுதிகள் நடக்கின்றன. நல்ல காரியங்கள்தான், வாடகை வீடு தேடி அலையும் பெண்ணுக்கு அவற்றின் அருமை தெரியும். ஆனால் தங்கும் இடமும் கம்பெனி பஸ்ஸும் கண்காணிப்புக் கேமராவும் அமைந்துவிட்டால் பெண் தொழிலாளியின் பாதுகாப்பு முடிந்தது என்று அரசும் ஆலை முதலாளிகளும் எண்ணுவதை ஏற்க முடியாது. வேலையிடத்தில் தொல்லைக்கு ஆளாகும் பெண், வாய் திறந்து புகார் சொன்ன மறுநாளும் அதே ஷிப்டில் அதே சம்பளத்தில் உட்கார முடிய வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் மற்ற ஏற்பாடுகள் எதுவும் அவரைக் காப்பாற்றாது.

ஒரு கார்மென்ட்ஸ் ஆலையின் தையல் லைனை எடுத்துக்கொள்வோம். மணிக்கு எத்தனை பீஸ் என்று பலகையில் எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கையை எட்ட வைப்பது சூப்பர்வைசரின் பொறுப்பு. லைனில் இருப்பவர்கள் பெண்கள், சூப்பர்வைசர் பெரும்பாலும் ஆண். யாருக்குச் சுலபமான நேர்த்தையல், யாருக்குக் காலர் பொருத்தும் கஷ்டமான வேலை, யாருக்கு லீவு, யார் ஓவர்டைமுக்கு நிற்க வேண்டும், கழிப்பறைக்கு எழுந்து போனவர் எத்தனை நிமிடத்தில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். டார்கெட் எட்டாத நாளில் காது கூசும் வசவு. எட்ட உதவுகிறேன் என்று தோளில் விழும் கை. இரண்டும் ஒரே அதிகாரத்திலிருந்து வருகின்றன. ஆகவே பாலியல் தொல்லையை யாரோ ஒரு கெட்டவனின் குணக்கேடு என்று மட்டும் பார்ப்பது தவறு. ஏஜென்ட் மூலம் வந்து, நியமனக் கடிதம் ஏதும் இல்லாமல் வேலை பார்க்கும் பெண்ணை வெளியே அனுப்ப ‘நாளைக்கு வரவேண்டாம்’ என்ற ஒரு வார்த்தை போதும். இதை அந்தக் கைக்கு உரியவரும் அறிவார், அந்தப் பெண்ணும் அறிவார்.

பெண்ணைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் நம் பஞ்சாலைகளில் வெகுகாலம் கோலோச்சியது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை மூன்று ஆண்டுகள் மில் விடுதியில் அடைத்து வைத்தார்கள். முடிவில் கிடைக்கும் மொத்தத் தொகை கல்யாணத்துக்கு உதவும் என்பது ஆசை வார்த்தை. வாசலில் காவலாளி, உள்ளே வார்டன், போனுக்குக் கட்டுப்பாடு. பெண் பத்திரமாக இருக்கிறாள் என்று பெற்றோரும் நம்பினார்கள். கெடு முடியும் முன்னே வெளியேறினால் அந்தத் தொகை கைக்கு வராது என்பதால், எந்தக் கொடுமைக்கும் வாய் திறக்க முடியாத நிலையை அந்தத் திட்டமே உண்டாக்கியது. பெரிய பன்னாட்டு ஆலைகளிலும் இந்தக் குணம் முழுதாக விலகிவிடவில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களின் விடுதியில் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை அவர்கள் மறித்த பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. சாப்பாடு சரியில்லை என்று சொல்வதற்கே சாலையில் உட்கார வேண்டியிருந்தால், மேலதிகாரி கையைப் பிடித்தான் என்பதை எங்கே போய்ச் சொல்வது?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பில் தந்த வழிகாட்டுதல்கள் 2013-இல் சட்டமாயின. பத்துப் பேருக்குக் குறையாத எந்தப் பணியிடத்திலும் உள் புகார்க் குழு அமைய வேண்டும். சிறிய இடங்களில் வேலை செய்பவர்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பத்தாண்டு ஆன பிறகும் இந்தச் சட்டம் சரிவர அமலாகவில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் வேதனைப்பட்டது. 2024 டிசம்பரில், மாவட்ட அதிகாரிகளை நியமிக்கவே மாநிலங்களுக்குக் கெடு வைக்க வேண்டியிருந்தது. அமலில் மட்டும் ஓட்டை என்றால் அதிகாரிகளை முடுக்கிவிட்டுச் சரிசெய்துவிடலாம். ஓட்டை அமைப்பிலேயே இருக்கிறது. குழுவின் தலைவர் அதே நிறுவனத்தின் மூத்த பெண் ஊழியர். உறுப்பினர்களையும் வெளியிலிருந்து வரும் ஒருவரையும் நியமிப்பவர் முதலாளி. தங்கள் சார்பில் யார் உட்காருகிறார்கள் என்பதில் தொழிலாளர்களுக்கு எந்தப் பேச்சும் இல்லை. புகார்ப் பெட்டி எச்.ஆர். அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே தொங்கினால் அதில் யார் சீட்டைப் போடுவார்? சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்கிறது சட்டம். காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். நீட்டிப்பதும் குழுவின் விருப்பம். ஒடிசாவிலிருந்தோ ஜார்கண்டிலிருந்தோ வந்து, ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்குப் போகும்போது மட்டும் தாயிடம் மனம் விட்டுப் பேசும் பெண்ணுக்கு இந்தக் கெடு பொருந்துமா?

மாற்று வழி என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் திண்டுக்கல்லில் இருக்கிறது. 2021 ஜனவரியில் அங்கே ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். அவருக்கு வயது இருபது. அவருடைய சூப்பர்வைசரைப் போலீசார் கைது செய்தனர். மாதக்கணக்கில் தொல்லை இருந்தது என்று குடும்பத்தாரும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். அதாவது தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. தடுக்கும் வழிதான் இல்லாமல் போனது. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஆலை நிர்வாகமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அங்கே ஆடை வாங்கும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய நிறுவனங்களும் அதையொட்டிக் கையெழுத்திட்டன. ஆலைத் தளத்தில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். சங்கம் அவர்களுக்குப் பயிற்சி தந்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது கட்டாயமாயிற்று. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டரில் கை வைக்கும் கடமை வாங்கும் நிறுவனங்களுக்கு வந்தது. முதல் ஆண்டில் எழுந்த 185 புகார்களில் 98 சதவீதம் தீர்க்கப்பட்டன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். 2013-இன் சட்டத்தால் முடியாததை இந்த ஒப்பந்தம் செய்ததற்குக் காரணம் எளியது. புகாரைக் கேட்பவர் பக்கத்து மெஷினில் இருந்தார், அவர் முதலாளியால் நியமிக்கப்பட்டவர் இல்லை, புகாரை மூடி மறைத்தால் முதலாளிக்குப் பண நஷ்டம் வரும்.

இப்படியெல்லாம் கெடுபிடி செய்தால் ஆர்டர் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் போய்விடும் என்பது ஏற்றுமதியாளர்களின் கவலை. பல லட்சம் பேரின் பிழைப்பு இதில் இருப்பதால் இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. நடந்ததைப் பார்ப்போம். 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை இதே ஆலையின் சரக்கைத் தடுத்து நிறுத்தியது. தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி நிலைமை திருத்தப்படுகிறது என்று கண்டு செப்டம்பரில் தடையை நீக்கியது. ஆர்டரைக் காப்பாற்றியதே ஒப்பந்தம்தான். போட்டியாளர் என்று காட்டப்படும் வங்கதேசத்திலும், 2013-இல் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, வாங்கும் நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் அந்நாட்டின் ஆடை ஏற்றுமதி கணிசமாக வளர்ந்தது.

பொய்ப் புகார்கள் பெருகும் என்பது இன்னொரு வாதம். கெட்ட எண்ணத்தோடு தந்த புகார் என்று நிரூபணமானால் நடவடிக்கை எடுக்க 2013-இன் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. புகார் சொன்னால் வேலையும் போகும், ஊரில் பேரும் கெடும் என்ற நிலையில் பொய்யாக ஒன்றைச் சொல்லிப் பெண் தொழிலாளி அடையப் போவது என்ன என்பதையும் இப்படிக் கேட்பவர்கள் யோசிக்க வேண்டும். விஷயம் வெளியே வந்தால் பெற்றோர் பெண்களை வேலைக்கு அனுப்பத் தயங்குவார்கள் என்பதில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தத் தயக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் மறைப்பதால் அது தீராது. தொல்லை கொடுத்தவன் லைனில் நிற்க, பெண் ஊருக்குத் திரும்பி வருவதைப் பார்க்கும்போதுதான் அடுத்த வீட்டுக்காரர் தன் மகளை நிறுத்திவிடுகிறார்.

இரவு ஷிப்டு பரவிவரும் இந்த நேரத்தில் இது தள்ளிப்போடக்கூடிய விஷயமே இல்லை. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்ற பழைய தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்தது. அது சமத்துவத்தின் பக்கம் நின்ற சரியான தீர்ப்பு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும், பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலை தரலாம் என்கிறது. முடியாது என்றால் வேலை போய்விடும் என்று பயப்படுபவர் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? இந்தத் தொகுப்பின் கீழ் மாநிலத்துக்கான விதிகளை எழுதும் அதிகாரம் தமிழ்நாடு அரசின் கையில் இருக்கிறது. பெண்கள் அதிகமாக வேலை பார்க்கும் ஒவ்வோர் ஆலையிலும் தொழிலாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தளக் கண்காணிப்பாளர்கள் வேண்டும். விடுதிப் பெண்கள் வெளியாரோடும் சங்கத்தோடும் தடையின்றிப் பேச வேண்டும். புகார் தந்தவரை ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டு நீக்கினால் அது பழிவாங்கல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தின் மேல் விழ வேண்டும். தமிழ் தெரியாதவர்கள் இந்தியிலும் ஒடியாவிலும் புகார் சொல்ல வழி வேண்டும். இவற்றை அரசு விதிகளாக எழுத வேண்டும். புதிய ஆலைகளுக்கு நிலமும் மின்சாரச் சலுகையும் தரும் ஒப்பந்தங்களில் இவற்றை நிபந்தனைகளாகவும் சேர்க்க வேண்டும்.