எந்த மெஷினில் ஓடும்? எழுதி ஒட்டினால் என்ன!

மூங்கில்துறைப்பட்டு பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் மாலை ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். இங்குள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டுகிற கூலித் தொழிலாளி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"தம்பி, நீங்க பேப்பர்காரர்தானே? இந்த அநியாயத்தைக் கொஞ்சம் பாருங்க!"

பைக்குள் ஆறு குட்டி டிஸ்க். கூடவே, கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் மெஷின் ஒன்று. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சான் கொடுத்தனுப்பியது. பையன் பத்தாவது பாஸ்! அந்தச் சந்தோஷத்தில் அப்பா டவுனுக்குப் போய் டிஸ்க் வாங்கி வந்திருக்கிறார். ஆயிரத்து இருநூறு ரூபாய். வெயிலில் கரும்பு வெட்டிச் சேர்த்த காசு.

வீட்டுக்கு வந்து பார்த்தால், மெஷினில் டிஸ்க் போடுவதற்கு இடமே இல்லை!

"இதுவும் சோனி, அதுவும் சோனி. பேஷா ஓடும்ணே!" என்று சொல்லி விற்றவர், திருப்பிக் கொண்டுபோனதும் "வித்த சரக்கு வாபஸ் இல்லை" என்று கையை விரித்துவிட்டாராம். பில்லும் கிடையாது.

கொலை, கொள்ளை என்று எழுதுகிறவன் நான். இதில் கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனாலும் ஏழையின் காசு போனது போனதுதானே?

அண்ணன் சட்டை தம்பிக்குச் சேராது!

சோனி கம்பெனி 2004-ல் ஜப்பானில் வெளியிட்ட பி.எஸ்.பி. மெஷினுக்குத்தான் அந்தக் குட்டி டிஸ்க். 2011-ல் வந்த அதன் தம்பி 'வீட்டா'வுக்கு டிஸ்க் கிடையாது. தபால்தலை மாதிரி சின்னக் கார்டுதான்.

நிண்டெண்டோ கதை இன்னும் வேடிக்கை. 1989-ல் வந்த 'கேம் பாய்' கேசட், 2001-ல் வந்த 'அட்வான்ஸ்' மெஷினிலும் ஓடும். 2004-ல் வந்த டி.எஸ். மெஷினோ அட்வான்ஸ் கேசட்டை ஏற்கும். பழைய கேம் பாய் கேசட்டை ஏற்காது. 2011-ல் வந்த 3டி.எஸ்.ஸில் டி.எஸ். கேம் ஓடும்; 3டி.எஸ். கேம் டி.எஸ்.ஸில் ஓடாது. 2017-ல் வந்த ஸ்விட்ச் இதில் எதையுமே சீண்டாது!

படித்தவனுக்கே தலை சுற்றுகிறது. கரும்பு வெட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?

பட்டன் போன் காலத்தில் மெமரி கார்டில் கேம் ஏற்றிக் கொடுத்த கடைக்காரர்கள், "உங்க போன் என்ன மாடல்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். 128-க்கு 160 திரை என்றால் ஒரு ஃபோல்டர், 240-க்கு 320 என்றால் வேறு ஃபோல்டர். அந்த நல்ல பழக்கம் எங்கே போச்சு?

மெஷினுக்கு ஒரு பெட்டி!

சைக்கிள் கடையைப் பாருங்கள். இருபது இஞ்சு சக்கரத்துக்கு இருபத்தெட்டு இஞ்சு டியூப்பை யாராவது கொடுப்பார்களா? அளவு வாரியாகத்தான் தொங்கவிட்டிருப்பார்கள்.

வீடியோ கேமும் அப்படித்தான். கேமின் பெயரைப் பார்த்து அடுக்காதீர்கள். கம்பெனி பெயரைப் பார்த்தும் அடுக்காதீர்கள். மெஷினுக்கு ஒரு பெட்டி வையுங்கள். இரண்டு மெஷினில் ஓடுகிற கேம் என்றால், எந்த மெஷினுக்காக வந்ததோ அந்தப் பெட்டியில் போட்டு, "இதிலும் ஓடும்" என்று மற்றதன் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் சேர்த்து வைக்கும் பிள்ளைகளுக்கும் இதே வழிதான்.

2022-ல் 'ஸ்டீம் டெக்' மெஷினை விற்பனைக்கு விட்ட அமெரிக்காவின் வால்வ் கம்பெனி, கேம்களைச் சோதித்து நன்றாக ஓடும், சுமாராக ஓடும், ஓடாது என்று அதுவே குறி போட்டுக் காட்டுகிறது. நம் கடைக்காரர்களுக்கு ஒரு சீட்டு ஒட்ட வலிக்கிறதா?

வாங்குகிறவர்களே! மெஷினையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அங்கேயே போட்டுப் பாருங்கள். பில்லில் மெஷின் பெயரை எழுதி வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம்.

பஸ் வந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார் அந்த அப்பா. "பையன்கிட்ட என்ன தம்பி சொல்றது?" என்று படியில் நின்றபடி கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. கடைக்காரர்களிடம் இருக்கிறதா?