வீடு இருக்கக் கூடாரம் எதற்கு?



மோட்டார் சைக்கிளில் கடலோரமாக நெடும்பயணம் போக வேண்டும், இரவில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்று வீட்டுப் பிள்ளை வந்து கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "வேண்டாம்" என்ற சொல்தான் என் வாயிலும் முதலில் வந்தது. பிறகு மனம் மாறி என் இளைய மகனை அனுப்பினேன். நடந்ததை மறைக்காமல் உங்களிடம் சொல்கிறேன்.

2024ஆம் ஆண்டு, நோன்புக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன், மாசி மாதம் அது. இளவேனில் என்று நூல்கள் கூறுவது சித்திரையையும் வைகாசியையும். சோழமண்டலக் கரையில் அம்மாதங்களில் வண்டி ஏறுவது வெயிலை விலைகொடுத்து வாங்குவதாகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அனல் மூளாதிருக்கும் மாசியும் பங்குனியுமே நம் கரைக்கு வசந்தம். சென்னையிலிருந்து கீழக்கரை வரை நான்கு நாள். அவனும் என் தம்பி மகனும், ஆளுக்கொரு வண்டி.

மூன்று நிபந்தனைகள் விதித்தேன். தலைக்கவசம் இன்றி வண்டி ஏறலாகாது. மக்ரிபுக்குப் பின் வண்டி ஓடலாகாது. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

அவன் உம்மாவின் கவலையோ வேறு. "பரங்கிப்பேட்டையில் சாச்சி வீடு, அதிராம்பட்டினத்தில் மாமி வீடு. வீடு இருக்கக் கூடாரம் எதற்கு? ஊர் என்ன பேசும்?" என்றாள். கடல் வாணிபத்தால் ஊருக்கு ஊர் உறவு பின்னிக் கிடக்கும் கரையல்லவா இது!

முதல் இரவு பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் கூடாரத்தை விரித்தபோதே மீனவர் ஒருவர் தடுத்தாராம். பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம் அது. குஞ்சுகள் கடலின் மெல்லிய ஒளியை நோக்கியே நகரும். கூடாரத்து விளக்கைக் கண்டால் வழி தவறி மேட்டுப்பக்கம் ஏறி மடியும். பிள்ளைகள் விளக்கை அணைத்து, அவர் காட்டிய தென்னந்தோப்புக்குக் கூடாரத்தை மாற்றிக்கொண்டார்கள். சாச்சி இன்னும் கோபம் ஆறவில்லை என்பது தனிக்கதை.

மறுநாள் தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையையும், நாகூரின் ஐந்து மினாராக்களையும் கண்டு, உப்பளங்கள் வெண்மையாய் விரிந்து கிடக்கும் வேதாரணியம் சேர்ந்தார்கள். கோடியக்கரை வெளிமான்களின் சரணாலயம். காட்டுக்குள் கூடாரம் கூடாது. ஊருக்குள் விடுதியில் தங்கினார்கள். மூன்றாம் இரவு அதிராம்பட்டினம். மாமி ஒரே பிடியாய் நிற்க, அவர் வீட்டுக் கொல்லையிலேயே கூடாரம் முளைத்தது! மாமியும் மனம் கேளாமல் தலையணை இரண்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாராம்.

வினை அந்த அன்பிலேயே தொடங்கியது. மறுநாள் காலையில் கிளம்ப வேண்டியவர்களை மாமி பகலுணவுக்கு நிறுத்திக்கொண்டார். அஸர் தொழுதுவிட்டே புறப்பட்டார்கள். கட்டுமாவடி, மீமிசல் கடந்து தொண்டியை நெருங்கும்போது இருட்டிவிட்டது. கீழக்கரையில் உறவினர் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். வளைவொன்றில் காற்று அள்ளிப் போட்டிருந்த கடல்மணல் சாலையில் படிந்திருந்தது. மணலில் வேகத்தைத் தானாகத் தணியவிட வேண்டும். முன்சக்கரத் தடையை அழுத்தலாகாது. என் மகன் அழுத்தினான்.

அன்றிரவு தொலைபேசியில், "நலமாய் வந்து சேர்ந்தோம், வாப்பா" என்றான். வீடு திரும்பிய மறுநாள் துணி துவைக்கையில் கிழிந்த கைச்சட்டையையும் இரத்தக் கறையையும் அவன் உம்மா கண்டெடுத்தாள். பின்னர் தலைக்கவசத்தைத் திருப்பிப் பார்த்தேன். நெற்றிப் பொட்டிலிருந்து தாடை வரை உழுதாற்போல் ஒரு தடம். அல்ஹம்துலில்லாஹ், அத்தடம் கவசத்தோடு நின்றது.

"இரண்டாம் நிபந்தனையையும் மூன்றாம் நிபந்தனையையும் ஒரே நாளில் மீறிவிட்டேன், வாப்பா. சொன்னால் இனி அனுப்பமாட்டீர்கள் என்று பயந்தேன்" என்றான். விழுந்ததைவிட மறைத்ததே என்னைச் சுட்டது. அவன் பயம் பொய்யுமன்று; சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

ஆத்திரம் தணிந்தபின் ஒன்று கேட்டேன்: "கூடாரம் எங்கே இருந்தது?" பின்னிருக்கையில் கட்டியிருந்தது என்றான். விரித்து நிறுத்தப் பத்து நிமிடம் போதும். இருட்டும் இடத்தில், அங்குள்ளோரிடம் அனுமதி கேட்டு நின்றுவிடலாம் என்பதற்காகத்தானே அதைச் சுமந்து போனார்கள்! சொன்ன நேரத்துக்குக் கீழக்கரை போய்ச் சேர வேண்டும் என்று நாங்கள் பெரியவர்களும் ஆளுக்கொரு முறை தொலைபேசியில் கேட்டிருந்தோம். அப்பங்கு எங்களுடையது.

இப்போது நோன்புப் பெருநாள் முடிந்ததும் கீழக்கரையிலிருந்து காயல்பட்டினம் வரை போகக் கேட்கிறான். மாமிக்கும் சாச்சிக்கும் இம்முறை நானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். தடம் விழுந்த கவசத்தை எறிந்துவிட்டுப் புதியது வாங்கியாயிற்று. அவன் உம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.